காம்பாக்டா, மிட்சைஸா? குடும்பத்துக்கு எஸ்யூவி வாங்கும் முன் ஒப்பிட்டுப் பார்க்கும் வழி

முதல் கார் வாங்குபவர்களும் சரி, சின்ன ஹேட்ச்பேக்கை விற்றுவிட்டு மாறப் போகிறவர்களும் சரி, இன்றைக்கு ஷோரூமுக்குள் நுழைந்ததும் மாட்டிக்கொள்வது ஒரே கேள்வியில்தான். நெக்ஸான், பிரெஸ்ஸா, வென்யூ, சோனெட், கைலாக், எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ என்று காம்பாக்ட் எஸ்யூவி ஒன்றை எடுத்துவிடலாமா? இல்லை, இன்னும் சில லட்சம் சேர்த்துப் போட்டு கிரெட்டா, எலிவேட், கிராண்ட் விட்டாரா, குஷாக் என்று மிட்சைஸுக்குப் போய்விடலாமா?

பலர் இதை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பெரிய திரையைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஆனால் இந்த இரண்டு வகைக்கும் உள்ள நிஜமான வித்தியாசம் முன் சீட்டில் தெரியவே தெரியாது. அது பின் சீட்டிலும் டிக்கியிலும் இருக்கிறது, அப்புறம் வரிக் கணக்கில் இருக்கிறது. அதனால் ஒப்பிடுவதையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கீழே உள்ள வரிசையில் போனால் ஷோரூமில் யாரும் உங்களை அவசரப்படுத்த முடியாது.

முதலில் வீட்டில் உட்கார்ந்து எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று விஷயங்கள் போதும். சாதாரண நாளில் வண்டியில் எத்தனை பேர் போவீர்கள்? பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் போவது மாதம் ஒருமுறையா, வருடம் ஒருமுறையா? ஊருக்குப் போய்த் திரும்பும்போது அரிசி மூட்டை, தேங்காய் எல்லாம் ஏறுமா?

கணவன் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் என்ற குடும்பத்துக்கு நல்ல காம்பாக்ட் ஒன்று தாராளமாகப் போதும். அப்பா அம்மாவும் கூடவே இருக்கிறார்கள், மாதாமாதம் ஊர்ப்பயணம் உண்டு என்றால் மிட்சைஸைப் பற்றி யோசிப்பதில் அர்த்தம் இருக்கிறது. வருடத்தில் ஒரே ஒரு சுற்றுலாவுக்காகப் பெரிய வண்டி வாங்கத் தேவையில்லை. அந்த ஒரு முறைக்கு ஏழு சீட் வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

டேப்பை எடுத்து நிறுத்துமிடத்தை அளந்து பாருங்கள்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார் நிறுத்தும் கட்டம் பொதுவாக இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் இருக்கும். காகிதத்தில் இரண்டு வகையுமே இதில் அடங்கிவிடும். சிக்கல் கொடுப்பது தூண்கள்தான். கதவு திறக்கும் இடத்தில் சரியாகத் தூண் வந்தால் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவரால் இறங்க முடியாது. உங்கள் கட்டத்தில் தூண் எங்கே வருகிறது, பின்னால் சுவர் இருந்தால் டிக்கிக் கதவை முழுதாகத் தூக்க முடியுமா என்று பாருங்கள். வீட்டு கேட், தெரு முனைத் திருப்பம் இரண்டையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனம் தரும் அகல அளவில் பக்கக் கண்ணாடிகள் சேராது என்பதும் நினைவிருக்கட்டும்.

அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

இதற்கு முன் ஒரு சின்ன வரலாறு. 2006 மத்திய பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் எஞ்சினும் உள்ள கார்களுக்கு வரிச் சலுகை வந்தது. அந்தக் கோட்டைத் தாண்டாமல் எஸ்யூவி செய்ய முடியுமா என்று நிறுவனங்கள் முயன்றதில் பிறந்ததுதான் காம்பாக்ட் எஸ்யூவி. நம்ம மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2013இல் வந்து இந்த வகையைப் பிரபலமாக்கியது. நெக்ஸானும் பிரெஸ்ஸாவும் வென்யூவும் கைலாக்கும் சொல்லிவைத்தாற்போல் 3,995 மில்லிமீட்டர் நீளம் இருப்பது இதனால்தான்.

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் கிரெட்டாவின் நீளம் 4,330 மில்லிமீட்டர். காம்பாக்டை விட 33 சென்டிமீட்டர்தான் கூடுதல். அகலம்? கிரெட்டா 1,790. பிரெஸ்ஸாவும் அதே 1,790. நெக்ஸான் 1,804, அதாவது கிரெட்டாவை விடக் கொஞ்சம் அதிகம். குஷாக் மிட்சைஸ்தான், ஆனால் அதன் அகலம் 1,760. மிட்சைஸ் என்றாலே பின்னால் மூன்று பேர் தோள் இடிக்காமல் உட்காரலாம் என்று நினைப்பவர்கள் இந்த எண்களை இன்னொரு தடவை படிக்க வேண்டும்.

அந்தக் கூடுதல் நீளம் கால் வைக்கும் இடத்துக்கும் டிக்கிக்கும் போகிறது. வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம், நெக்ஸானில் 2,498, பிரெஸ்ஸாவில் 2,500, கிரெட்டாவில் 2,610, எலிவேட்டில் 2,650. பின் சீட்டில் முழங்காலுக்கு முன்னால் கிடைக்கும் இடம் பெரும்பாலும் இந்த அளவைப் பொறுத்துத்தான். காம்பாக்டிலேயே கைலாக் 2,566 தருகிறது.

டிக்கி கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. பிரெஸ்ஸா 328 லிட்டர், நெக்ஸான் 382, கிரெட்டா 433, எலிவேட் 458. இதுவரை எதிர்பார்த்தபடிதான். ஆனால் கிராண்ட் விட்டாராவில் மைலேஜுக்காகப் பலரும் விரும்பும் ஸ்ட்ராங் ஹைபிரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த வகை, எடுத்தால் 265 லிட்டர்தான். பேட்டரி டிக்கிக்குக் கீழே உட்கார்ந்துகொள்வதால், அதே நிறுவனத்தின் சின்ன பிரெஸ்ஸாவை விட இதில் இடம் குறைவு. சிஎன்ஜி எடுத்தாலும் இதே கதை. நெக்ஸான் சிஎன்ஜியில் இரண்டு சிறிய சிலிண்டர்களைத் தரைக்குக் கீழே வைத்திருப்பதால் 321 லிட்டர் மிஞ்சுகிறது. ஒரே பெரிய சிலிண்டர் வைத்த வண்டிகளில் ஒரு பெட்டி வைப்பதே பாடு. மாடலின் பெயரை மட்டும் ஒப்பிடாதீர்கள், நீங்கள் வாங்கப் போகும் எரிபொருள் வகையோடு சேர்த்து ஒப்பிடுங்கள். லிட்டர் கணக்கை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி அளப்பதால், கடைசித் தீர்ப்பை உங்கள் பெட்டிகளுக்கே விட்டுவிடுங்கள்.

வரியைக் கணக்கில் சேர்க்காமல் விலையைப் பேசாதீர்கள்

2025 செப்டம்பர் 22 முதல், அந்த நான்கு மீட்டர், எஞ்சின் அளவு நிபந்தனைக்குள் வரும் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். வெளியே போனால் 40 சதவீதம். அதற்கு மேல் தமிழ்நாட்டின் ஆயுள்கால சாலை வரி வரும். 2023 நவம்பரில் மாற்றியபடி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். வரி சேராமல் எட்டு லட்சம் மதிப்புள்ள இரண்டு வண்டிகள். ஒன்று காம்பாக்ட், ஒன்று மிட்சைஸ். ஜிஎஸ்டி சேர்த்தால் காம்பாக்டின் ஷோரூம் விலை 9,44,000. மிட்சைஸின் விலை 11,20,000. சாலை வரி முதலாவதுக்கு 13 சதவீதம், 1,22,720. இரண்டாவதுக்கு 18 சதவீதம், 2,01,600. இரண்டு வண்டியிலும் உள்ள இரும்பும் கண்ணாடியும் அதே எட்டு லட்சத்துக்குத்தான். ஆனால் நீங்கள் கட்டும் வித்தியாசம் 2,54,880 ரூபாய், அத்தனையும் வரி. மிட்சைஸின் அடிப்படை வேரியன்ட் ஏன் அவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

நான்கு மீட்டருக்குள் இருப்பதெல்லாம் 18 சதவீதம் என்று நினைத்துவிட வேண்டாம். பிரெஸ்ஸாவின் பெட்ரோல் எஞ்சின் 1,462 சிசி. 1,200 சிசியைத் தாண்டுவதால் அது 40 சதவீதத்தில்தான் வரும். எலெக்ட்ரிக் வண்டிகளுக்கு இந்தக் கோடே கிடையாது. நெக்ஸான் எலெக்ட்ரிக்குக்கும் கிரெட்டா எலெக்ட்ரிக்குக்கும் ஒரே 5 சதவீதம்தான். வீட்டில் சார்ஜர் பொருத்த வசதி இருப்பவர்களுக்குப் பெரிய வண்டியின் வரிச் சுமை அங்கே குறைந்துவிடுகிறது.

வேரியன்ட் தேர்வு செய்யும்போது பத்து லட்சம் என்ற எல்லையைக் கவனியுங்கள். 9,90,000 ரூபாய் வேரியன்டுக்குச் சாலை வரி 1,28,700. மேற்கூரைக் கண்ணாடிக்கு ஆசைப்பட்டு 10,20,000 வேரியன்டுக்குப் போனால் 1,83,600. முப்பதாயிரம் கூடுதல் என்று சேல்ஸ் தம்பி சொல்வது கையில் கட்டும்போது எண்பத்தைந்தாயிரம் ஆகிவிடும். பத்து லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி, வேறு பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அதனால் செலவாக எண்ண வேண்டாம், ஆனால் அன்றைக்குப் பணம் கையில் இருக்க வேண்டும்.

காம்பாக்டின் உச்ச வேரியன்டா, மிட்சைஸின் அடி வேரியன்டா?

முடிவெடுக்கக் கஷ்டமான இடம் இதுதான். ஏறக்குறைய 11 முதல் 14 லட்சம் வரை இரண்டு வகையும் நேருக்கு நேர் மோதுகின்றன. ஒரு பக்கம் எல்லா வசதியும் உள்ள சின்ன வண்டி, இன்னொரு பக்கம் வசதி குறைந்த பெரிய வண்டி.

என் கருத்து இது. பின் சீட் தினமும் நிறைகிற குடும்பம் என்றால் மிட்சைஸின் கீழிருந்து இரண்டாவது வேரியன்டைப் பாருங்கள். பெரிய திரை, நல்ல ஸ்பீக்கர், ரிவர்ஸ் கேமரா இதையெல்லாம் பின்னால் போட்டுக்கொள்ளலாம். கால் வைக்கும் இடத்தையும் டிக்கியையும் எந்தக் கடையிலும் வாங்கிப் பொருத்த முடியாது. பின் சீட் பெரும்பாலும் காலியாகப் போகும் என்றால் நல்ல எஞ்சின் உள்ள காம்பாக்டின் நடு வேரியன்ட் போதும், உச்ச வேரியன்ட் வரை போக வேண்டியதில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் பேரம் கிடையாது. ஆறு ஏர்பேக், மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடான இஎஸ்சி, பின்னால் நடு சீட்டுக்கும் மூன்று முனை பெல்ட், குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி, இவை நான்கும் நீங்கள் எடுக்கும் அதே வேரியன்டில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பெரிய வண்டி என்றால் பாதுகாப்பு என்று தானாக அர்த்தமில்லை. நெக்ஸான், எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, கைலாக் மூன்றும் நான்கு மீட்டருக்குள் இருந்துகொண்டே பாரத் என்கேப் என்ற மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இந்தச் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 32க்கும், குழந்தைகள் பாதுகாப்புக்கு 49க்கும் என்று தனித்தனியாக மதிப்பெண் தருகிறார்கள். நட்சத்திரத்தை மட்டும் பார்க்காமல், வீட்டில் குழந்தை இருந்தால் அந்த இரண்டாவது எண்ணையும் பாருங்கள்.

ஷோரூமில் முதலில் பின் கதவைத் திறங்கள்

குடும்பத்தோடு போங்கள். முக்கியமாக, வீட்டிலேயே மூத்தவரையும் உயரமானவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

காட்சிக்கு நிறுத்திய வண்டியில் முன் சீட்டை முடிந்தவரை முன்னால் இழுத்து வைத்திருப்பார்கள். அப்படியே பின்னால் ஏறினால் எந்த வண்டியும் விசாலமாகத்தான் தெரியும். அதனால் வண்டியை ஓட்டப் போகிறவர் முதலில் உட்கார்ந்து, தனக்குச் சரியாக சீட்டைத் தள்ளி வைத்துக்கொள்ளட்டும். பக்கத்துச் சீட்டிலும் ஒருவர் அப்படியே செய்யட்டும். இப்போது பின்னால் ஏறிப் பாருங்கள். முழங்காலுக்கும் முன் சீட்டின் முதுகுக்கும் நடுவே கை நுழைகிறதா? முன் சீட்டுக்கு அடியில் பாதம் போகிறதா? தொடை முழுக்க சீட்டில் படிகிறதா, இல்லை முழங்கால் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? தொடைக்குத் தாங்கல் இல்லாத சீட்டில் சென்னையிலிருந்து திருச்சி போய்ச் சேருவதற்குள் இடுப்பு வலி எடுத்துவிடும்.

அம்மாவோ அப்பாவோ ஏறி இறங்குவதை நீங்கள் வெளியே நின்று கவனியுங்கள். சொல்லிக் கொடுக்காதீர்கள், கை கொடுக்காதீர்கள். கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, காலை உள்ளே எடுக்கும்போது முழங்கால் நடுத் தூணில் இடிக்கிறதா, எழுந்திருக்கக் கைப்பிடியைத் தேடுகிறார்களா என்று பாருங்கள். சீட் அவர்கள் இடுப்பு உயரத்தில் இருந்தால் அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதற்கு மேலே இருந்தால் ஏற வேண்டும், கீழே இருந்தால் எழக் கஷ்டம். மூட்டு வலி உள்ளவர்களுக்கு இந்த ஒரு விஷயமே வண்டியை முடிவு செய்துவிடும். இதில் சில காம்பாக்ட் வண்டிகள் மிட்சைஸை விட நன்றாக இருக்கும்.

பிறகு மூன்று பேரை உட்கார வையுங்கள். நடுவில் இருப்பவரின் கால் தரையின் மேட்டில் எங்கே வருகிறது, பின்பக்க ஏசி வென்ட் அவர் முழங்காலில் இடிக்கிறதா, தலை சாய்க்க ஹெட்ரெஸ்ட் இருக்கிறதா பாருங்கள். கைக்குழந்தை இருந்தால் பின்னோக்கி வைக்கும் குழந்தை இருக்கையைக் கையோடு எடுத்துப் போய்ப் பொருத்திப் பாருங்கள். காம்பாக்டில் அதை வைத்ததும் முன் சீட்டை நகர்த்த வேண்டி வரும், அங்கே உட்காரும் பெரியவருக்குக் கால் நீட்ட இடம் இருக்காது. மிட்சைஸின் கூடுதல் வீல்பேஸ் கண்முன்னே பயன்படும் இடம் இது.

டிக்கிக்கு உங்கள் பெரிய பெட்டியையே கொண்டுபோங்கள். குழந்தை வண்டியோ மடிக்கும் சக்கர நாற்காலியோ இருந்தால் அதையும். கூச்சப்பட வேண்டாம், பதினைந்து லட்சம் கொடுக்கப் போவது நீங்கள்தான்.

டெஸ்ட் டிரைவ்: ஐந்து பேரோடு, ஏசி போட்டு

டிரைவரும் சேல்ஸ்மேனும் மட்டும் போனால் எல்லா எஞ்சினும் நன்றாக இழுக்கும். குடும்பம் மொத்தமும் ஏறிக்கொள்ளுங்கள், ஏசியை முழு வேகத்தில் வையுங்கள். அருகில் ஒரு மேம்பாலம் இருந்தால் அதன் ஏற்றத்தில் வேகம் குறைத்து மறுபடி எடுத்துப் பாருங்கள்.

வென்யூ, சோனெட்டில் உள்ள 1.2 லிட்டர் சாதாரண பெட்ரோல் எஞ்சினின் சக்தி 83 பிஎஸ் (குதிரைசக்தி). நகரத்துக்குப் போதும். ஐந்து பேரோடு ஏற்காடு ஏறும்போது மூச்சு வாங்கும். அதே வண்டிகளின் 1.0 டர்போ 120 பிஎஸ், டார்க் எனப்படும் இழுவை 172 என்எம். கிரெட்டாவின் 1.5 சாதாரண பெட்ரோல் 115 பிஎஸ், 144 என்எம். இழுவையில் சின்ன வண்டி முந்துகிறது. ஆனால் டர்போவில் எஞ்சின் சுழற்சி குறைந்த நிலையில் ஒரு தயக்கம் இருக்கும். கொண்டை ஊசி வளைவில் திரும்பி எடுக்கும்போதுதான் அது தெரியும். கிரெட்டாவின் எஞ்சினில் இழுவை குறைவு என்றாலும் ஒரே சீராக வரும். மலைப்பாதை அதிகம் போகிறவர்கள் மேனுவல் கியரில் இரண்டாவதில் மெதுவாக உருட்டி, அப்படியே ஆக்சிலரேட்டரை அழுத்திப் பார்த்தால் வித்தியாசம் புரியும். அடிக்கடி முழுச் சுமையோடு நெடுந்தூரம் போகிறவர்களுக்கு இந்த வண்டிகளைச் செய்யும் ஹூண்டாய், கியா இரண்டு நிறுவனங்களும் தரும் 1.5 டீசல் 250 என்எம் இழுவையோடு இன்னும் நல்ல தேர்வு.

ஸ்பீடு பிரேக்கரில் ஐந்து பேரோடு வண்டி அடி தட்டுகிறதா பாருங்கள். எழுதியிருக்கும் கிரவுண்ட் கிளியரன்ஸ் பெரும்பாலும் காலி வண்டிக்கானது. திரும்பி வரும்போது பின் சீட்டில் உட்கார்ந்து வாருங்கள், ஓட்டுகிறவருக்குத் தெரியாத குலுக்கல் அங்கே தெரியும்.

மாதச் செலவு

மைலேஜைப் பற்றி வீட்டில் நடக்கும் வாக்குவாதத்துக்கு ஒரு கணக்கு போதும். மாதம் 1,000 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 14 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு மாதம் சுமார் 7,140 ரூபாய், 12 தரும் வண்டிக்கு 8,330. வித்தியாசம் 1,200க்குள். ஆனால் மிட்சைஸுக்காகக் கூடுதலாக மூன்று லட்சம் கடன் வாங்கினால், 9 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதம் 6,200 ரூபாய்க்கு மேல் தவணை ஏறும். பெட்ரோலை விடத் தவணையைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். பெரிய ரிம் உள்ள வேரியன்ட் எடுத்தால் டயர் மாற்றும் செலவும் கூடும்.

புக்கிங்கும் டெலிவரியும்

இரண்டு டீலர்களிடமாவது எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். ஷோரூம் விலை, சாலை வரி, இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், ஆக்சஸரீஸ் என்று ஒவ்வொன்றும் தனி வரியில் இருக்கட்டும். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு தொகை இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள், பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். இன்சூரன்ஸை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியில் ஒரு விலை கேட்டு வைத்துக்கொண்டு பேசினால் அவர்களும் இறங்கி வருவார்கள்.

வண்டியைப் பதிவு செய்வதற்கு முன், டீலர் வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கும் யார்டுக்குப் போய் நேரில் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சேசிஸ் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு தயாரிப்பு மாதத்தைக் கேளுங்கள், ஆர்சியில் அதுதான் ஏறும், நாளை விற்கும்போது அதை வைத்துத்தான் விலை பேசுவார்கள். ஸ்டெப்னி உட்பட ஐந்து டயர்களிலும் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 3225 என்று இருந்தால் 2025ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. ஒரு டயர் மட்டும் மாதக்கணக்கில் விலகி இருந்தால் காரணம் கேளுங்கள். பெயின்ட்டில் கீறலோ மீட்டரில் அதிகக் கிலோமீட்டரோ தெரிந்தால் வேறு வண்டி ஒதுக்கச் சொல்லுங்கள். பாக்கிப் பணத்தை அந்த வண்டியைப் பார்த்த பிறகு கட்டலாம். உங்கள் பெயரில் பதிவான பிறகு மாற்றித் தர மாட்டார்கள்.